கோடு நேராகத்தான் இருந்தது

படப்பை
6-1-2025

யாக்கோபு தம்பிக்கு,

நான் சாரதா. டிரைவர் வரதராஜுலுவின் மனைவி. ஆயுத பூஜை அன்று ஒரகடத்திலிருந்து புது ராணுவ லாரியை டெலிவரிக்கு எடுத்துக்கொண்டு போனவர், சூளூர்பேட்டை தாண்டி ஒரு பாலத்தில் முன் சக்கரம் கழன்று விழுந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்து, பாயசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தீர்கள். எனக்கு உங்கள் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நலமா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நம்பர் மூன்று மாதமாக ஸ்விட்ச் ஆஃப். குன்றத்தூர் போய் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டுப் பெருந்துறைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். "போன் நம்பர் குடுத்தா உன்னாண்டயும் பேசமாட்டாம்மா. லெட்டர் போடு, படிப்பான்" என்று விலாசம் எழுதித் தந்தார்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் இன்லேண்ட் கவருக்காகத் தபால் ஆபீசில் நின்றேன்.

கம்பெனி விசாரணை அறிக்கை வந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அதில் எங்களைப் பற்றியது ஒரே ஒரு வரிதான். எண்பது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்காமல் ஓட்டியது ஓட்டுநரின் கவனக்குறைவு. அவ்வளவுதான், முடித்துவிட்டார்கள்.

கேஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்பு நுரை தடவி மூன்று தரம் பார்க்கிற மனிதர் அவர். அவருக்குக் கவனக்குறைவு என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

என் மகள் தேவிப்பிரியா ஒன்பதாவது படிக்கிறாள். அவளும் அந்த வரியைப் படித்துவிட்டாள். "அப்பா ஏம்மா நிறுத்திப் பாக்கல? ரெண்டு நிமிஷம் நிறுத்தினா இன்னா கொறஞ்சு போயிருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். செத்துப்போன அப்பாவை தினமும் திட்டுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போலீஸ் அவருடைய போனைத் திருப்பிக் கொடுத்தது. கண்ணாடி உடைந்திருந்தாலும் ஆன் ஆகிறது. கடைசியாகப் பேசியது உங்களோடுதான். மாலை மூன்று ஐம்பத்திரண்டு, இரண்டு நிமிடம் பதினொரு செகண்டு. அதற்குப் பிறகு இருபது நிமிடம்தான் அவர் உயிரோடு இருந்தார்.

என்ன பேசினார், தம்பி? இதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

சாரதா


பெருந்துறை
19-1-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. காரியத்துக்குக்கூட வராமல் இருந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். அண்ணனின் ஆத்துமா சாந்தியடைய ஜெபிக்கிறேன்.

அன்று அண்ணன் போன் செய்தது உண்மைதான். பூஜைக்கு வாழ்த்து சொன்னார், ரோடு காலியாக இருக்கிறது என்றார். சும்மா பேசினார். வேறு ஒன்றும் இல்லை.

வண்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நட்டுகளை நான்தான் இறுக்கினேன், மார்க்கும் போட்டிருந்தது. மார்க் என்றால், இறுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து சக்கரத் தகடு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். நட்டு கழன்று திரும்பினால் கோடு உடைந்து தெரியும். எல்லா நட்டிலும் அந்தக் கோடு இருந்தது.

எண்பது கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்பது விதிதான். புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு மேல் என்னால் என்ன சொல்ல முடியும்?

இங்கே மஞ்சள் குடோனில் மூட்டை ஏற்றி இறக்குகிறேன். நட்டு, போல்ட் எதையும் தொடுவதில்லை. தயவுசெய்து இதோடு விட்டுவிடுங்கள் அண்ணி.

யாக்கோபு


படப்பை
2-2-2025

யாக்கோபுக்கு,

இனி நீங்கள், வாருங்கள் எல்லாம் எனக்கு வராது. நீ என்றே எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், பொய் சொல்கிறாய்.

பூஜைக்கு வாழ்த்து சொன்னாராம். பூஜையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுவிட்டு வண்டியை எடுத்த மனுஷர், மூன்று மணி நேரம் கழித்து ரோட்டில் நிறுத்தி, உனக்கு வாழ்த்து சொல்லப் போன் போட்டாரா? கேட்கிறவள் கேணச்சி என்று நினைத்துவிட்டாய்.

நானும் லைனில் வேலை பார்க்கிறவள்தான். ஸ்ரீபெரும்புதூரில் காருக்கு ஒயரிங் கட்டுகிற கம்பெனியில் ஆறு வருஷமாக இருக்கிறேன். எந்த விதி புத்தகத்தில் இருக்கும், எது லைனில் இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

விதி இருக்கிறது என்கிறாய். சரி, எதை வைத்து இறுக்குவது? வண்டியிலிருந்து எடுத்த சாமான்கள் என்று போலீஸ் ஒரு லிஸ்ட் கொடுத்தது. ஒரு போர்வை, டிபன் பாக்ஸ், தண்ணீர் கேன், பிபி மாத்திரை, ஒரு ஜோடி செருப்பில் ஒன்று. ஜாக்கி இருந்தது. நட்டு இறுக்குகிற ரெஞ்ச் எங்கே? கையால் இறுக்குவாரா அவர்?

உன் கூட வேலை பார்த்த பிரவீனாவைப் பார்த்தேன். மார்க் போடுவது அவள் வேலையாமே. ஒருத்தர் இறுக்க வேண்டும், இன்னொருத்தர் சரிபார்த்துக் கோடு போட வேண்டும், இறுக்கினவரே கோடு போடக் கூடாதாமே. அன்றைக்கு அவள் லீவு. "அக்கா, நான் அன்னிக்கு ஊர்ல இருந்தேன். என் மார்க்கு இல்ல அது" என்று அழுகிறாள். அப்படியென்றால் அந்தக் கோட்டைப் போட்டது யார்? அதை மட்டும் உன் கடிதத்தில் விட்டுவிட்டாய். "மார்க்கும் போட்டிருந்தது" என்று எழுதுகிறாய், தானாக முளைத்த மாதிரி.

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். காசுக்காக இல்லை. என் மச்சினர் பாலாஜி அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அறிக்கையிலிருந்து அந்த ஒரு வரியை எடுக்க வைக்க வேண்டும். என் பெண் அந்த வரியோடு வளரக் கூடாது.

உண்மையைச் சொல்.

சாரதா


பெருந்துறை
23-2-2025

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. இறுக்கினதும் நான், கோடு போட்டதும் நான். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த லாரிக்கு ஒரு சக்கரத்தில் பத்து நட்டு. வட்டமாக வரிசையாக இறுக்கிக்கொண்டு போகக் கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது. அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும். முதலில் கன் என்று ஒன்று, காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி மாதிரியான கருவி, அதனால் பாதி இறுக்கம். பிறகு டார்க் ரெஞ்சை எடுத்து மீதி. அது மார்பு உயரத்துக்கு இருக்கும், முழு உடம்பையும் கொடுத்து இழுக்க வேண்டும். சரியான இறுக்கம் வந்ததும் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட நட்டுக்குத்தான் கோடு.

ஆயுத பூஜை அன்று அந்த ரெஞ்ச் பூஜையில் இருந்தது.

எங்கள் செக்‌ஷனில் எல்லாக் கருவிகளையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணியில் அடுக்குவார்கள். மறுநாள் எடுக்கிற வரை தொட மாட்டார்கள். பத்து மணிக்குப் பூஜை முடிந்தது. பொரி, சுண்டல், ஸ்வீட் பாக்கெட் வாங்கிக்கொண்டு எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். மூன்று லாரி மட்டும் அன்றே போக வேண்டும் என்று நிறுத்திவைத்திருந்தார்கள். இரண்டு முந்தின நாளே முடிந்திருந்தது. அண்ணனுடைய லாரிக்கு முன் சக்கரம் இரண்டும் பாக்கி.

நான் கிறிஸ்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை வருஷமும் பூஜையில் நின்றிருக்கிறேன், சுண்டல் தின்றிருக்கிறேன், யாரும் என்னை வேறாகப் பார்த்ததில்லை. ஆனால் அன்று ஷெட்டில் யாரும் இல்லாதபோது, அவர்கள் சந்தனம் வைத்த பொருளை நான் எடுத்தால், நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? கை நீட்டினேன், அண்ணி. சத்தியமாக நீட்டினேன். பிறகு கையை இழுத்துக்கொண்டேன்.

கன்னாலேயே முழுக்க இறுக்கினேன். எப்படியும் இறுகித்தானே இருக்கும் என்று நினைத்து, கோடும் போட்டேன்.

இதுதான் நடந்தது. விசாரணைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்.

யாக்கோபு


படப்பை
9-3-2025

யாக்கோபு,

படித்தேன். சாமி மேல் இருந்த மரியாதையில் செய்தேன் என்கிறாய். நம்புகிறேன், பாதி நம்புகிறேன்.

உன்னை மன்னிக்கலாமா என்று அரை நாள் யோசித்தேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். சமைக்கும்போது யோசித்தேன், கம்பெனி பஸ்சில் போகும்போது யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

அந்த இரண்டு நிமிடம் என்ன பேசினார்?

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் அந்த ஆளோடு வாழ்ந்தேன். அவர் கடைசியாகப் பேசினதை நீ வைத்துக்கொண்டிருக்கிறாய். அது என்னுடையது, எனக்குக் கொடுத்துவிடு.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை மார்ச் இருபத்தேழு, காலை பதினொரு மணி. வருவதும் வராததும் உன் இஷ்டம். கடிதம் மட்டும் அதற்கு முன்னால் வர வேண்டும்.

சாரதா


பெருந்துறை
16-3-2025

அண்ணிக்கு,

சாமிக்கு வைத்த பொருள் என்று ரெஞ்சைத் தொடவில்லை என்று எழுதினேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லி ஒளிந்துகொண்டேன்.

அண்ணன் வண்டியை எடுக்க வந்தபோது நான் கோடு போட்டு முடித்திருந்தேன். வழக்கம் போலச் சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டார். பிறகு படத்தின் முன்னால் இருந்த ரெஞ்சைப் பார்த்தார்.

"இன்னாயா, அது பூஜைல கீது. நீ எதால இறுக்குன?" என்றார்.

கன்னால் என்றேன். அண்ணன் சிரித்தார்.

"நீ எடுக்கக் கூச்சப்பட்டியா? தள்ளு, நான் எடுத்துத் தரேன். சாமி அதெல்லாம் கோச்சுக்காது. நான் திரும்பி வந்து ஒரு கற்பூரம் ஏத்தி வெச்சுட்டா முடிஞ்சுபோச்சு. இறுக்கிட்டு அப்படியே வண்டில போட்டுக் குடு, வழில ஒருவாட்டி பாத்துக்கறேன்."

குனிந்து கையைக்கூட நீட்டிவிட்டார், அண்ணி. நான்தான் தடுத்தேன்.

ஏன் தடுத்தேன் என்று ஐந்து மாதமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரெஞ்சைப் போட்டு இழுத்தால் நட்டு இன்னும் திரும்பும். போட்ட கோடு உடையும். சரியாக இறுக்காமலே கோடு போட்டவன் என்பது அவர் கண் முன்னால் தெரிந்துவிடும். இருபது நட்டையும் துடைத்து மறுபடி செய்ய வேண்டும். பன்னிரண்டரை பஸ் போய்விடும். அவ்வளவுதான் காரணம். அவ்வளவு சின்னக் காரணம்.

"வேணாண்ணே, மார்க் போட்டாச்சு. என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"சேச்சே, இன்னாயா இப்படிக் கேட்டுட்ட" என்று சொல்லி, என் தோளில் தட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். நான் வருத்தப்படக் கூடாதே என்று ஏறினார்.

இப்போது அந்த இரண்டு நிமிடம்.

நான் குன்றத்தூரில் வீட்டில் இருந்தேன். ஆரம்பாக்கம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். "யாக்கோபு, லெப்ட் சைடு முன்னாடி லேசா ஆடற மாதிரி கீதுயா. எறங்கிப் பாத்தேன். கோடெல்லாம் நேராத்தான் கீது. உன்னாண்ட ஒருவாட்டி கேட்டுக்கலாம்னு போட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கேயே நிறுத்துங்கள், ஆளை அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தை. எனக்குத் தெரியும், அண்ணி. சக்கரத் தகட்டுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் புதுப் பச்சைப் பெயிண்ட் இருக்கும். வண்டி ஓடிச் சூடேறினால் அது நசுங்கிவிடும். நட்டு ஒரு இம்மிகூடத் திரும்பாமலே பிடி தளர்ந்துபோகும். கோடு நேராகவே இருக்கும். எண்பது கிலோமீட்டரில் மறுபடி இறுக்கச் சொல்வதே அதற்காகத்தான். ட்ரெய்னிங்கில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது.

"கோடு நேரா இருந்தா ஒண்ணும் இல்லண்ணே. புது வண்டி அப்படித்தான் இருக்கும். போங்க" என்றேன்.

"சரிப்பா. சாப்டியா?" என்றார்.

சாப்பிட்டேன் என்றேன். அம்மா என்ன செய்தார்கள் என்று கேட்டார். பிரியாணி என்றேன். "நீ நடத்துய்யா" என்று சிரித்து வைத்துவிட்டார்.

அவர் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தார். கேட்டார். தேவிப்பிரியாவிடம் சொல்லுங்கள்.

இருபத்தேழாம் தேதி வருகிறேன்.

யாக்கோபு


படப்பை
22-6-2025

யாக்கோபு,

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. விசாரணையன்று அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நின்றாய், நான் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனேன். அதை நீ கவனித்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நட்டு, கோடு, போன் எல்லாம் சொன்னாய். உன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏம்ப்பா, ரெண்டு பேர் வேலையை நீ ஒருத்தனே ஏன் செஞ்ச?" என்று அதிகாரி கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாய். அது எனக்கு அன்று பிடித்திருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

போன வாரம் கம்பெனி புது அறிக்கை கொடுத்தது. அவர் பேர் இல்லை, எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார்கள். பேனாவை எடுத்துவிட்டேன். இத்தனை மாதம் இதற்குத்தானே அலைந்தேன் என்று ஒரு தரம் படித்தேன்.

பிரிவுத் தொழிலாளி யாக்கோபுவின் கவனக்குறைவு. அதே வரி. அதே பன்னிரண்டு பக்கம். பேரை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். பண்டிகை நாளில் எல்லாரையும் அனுப்பிவிட்டு ஒருத்தனை மட்டும் நிறுத்தினது யார், மூன்று வண்டி அன்றே போக வேண்டும் என்று துரத்தினது யார், மறுபடி இறுக்கச் சொல்லி விதி போட்டுவிட்டு ரெஞ்ச் இல்லாமல் டிரைவரை அனுப்பினது யார், ஒரு பக்கத்திலும் இல்லை.

பிரவீனாவிடம் போனேன். உங்கள் செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் சூப்பர்வைசர் வேல்ராஜ் அன்று காலை போட்ட வாய்ஸ் மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். "யாக்கோபு, பிரவீனா இல்லன்னா இன்னா, நீயே மார்க் போட்டு அனுப்பிடு. ரெண்டு மணிக்குள்ள மூணு வண்டியும் கேட்டைத் தாண்டணும்." அதை எனக்கு அனுப்பினாள். அவளுக்கும் வேலை போகலாம். இதை நீ ஏன் சொல்லவில்லை? எனக்குப் புரிகிறது. சொன்னால் மறுபடி ஒளிந்துகொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாய்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாலாஜி தலையில் அடித்துக்கொண்டார். "உம் புருசன சாவடிச்சவனுக்கு நீ வக்காலத்து வாங்குறியா?" என்று தெருவில் நின்று கத்தினார்.

உனக்காகச் செய்யவில்லை. உன்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் என் லைனில் சூப்பர்வைசர் வந்து நின்று "ஒட்டும்மா, ஒட்டும்மா" என்றால், சோதிக்காத ஒயருக்கு நானும் ஓகே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஒரு தரம் இல்லை, பல தரம். என் ஸ்டிக்கரால் யாராவது செத்தார்களா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த விசாரணை ஜூலை பதினாலு. வா. வேல்ராஜ் சொன்னதையும் சேர்த்துச் சொல். என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார் என்பது பாதியாக எழுதப்படக் கூடாது.

தேவிப்பிரியாவிடம் சொல்லச் சொன்னாயே, சொல்லிவிட்டேன். அறிக்கையிலிருந்து அவர் பேரை எடுத்த பிறகுதான் உன் மார்ச் மாதக் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். "அப்பா நிறுத்திப் பாத்தாராம்மா? கேட்டாராம்மா?" என்றாள். "கேட்டாருடி. ரெண்டு வாட்டி கேட்டாரு" என்றேன்.

அவள் முகம் தெளியும் என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தானே இவ்வளவும். ஆனால் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தவரை அவளால் பள்ளிக்கூடம் போக முடிந்தது, சாப்பிட முடிந்தது, என்னோடு சண்டை போட முடிந்தது. இப்போது திட்ட ஆள் இல்லை. மூன்று நாளாக அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாரதா